"ரேர் கிளாரினெட்" என்று விற்கிறார்கள், நம்பலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கிளாரினெட் வாங்க நினைப்பவர்கள் ஏதாவது ஒரு விளம்பரப் படத்தை எனக்கு அனுப்பி "இது நிஜமாவே ரேரா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. படங்கள்தான் மாறுகின்றன, கேள்விகள் மாறுவதில்லை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து அலுத்துப்போய் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

விளம்பரத்துல "ரேர்"னு போட்டிருக்காங்க. அதை எப்படி எடுத்துக்கறது?

விற்பவர் வாழ்க்கையில் பார்த்த முதல் கிளாரினெட் அதுவாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியவருக்கு உள்ளே இருப்பது எதுவானாலும் அரிய பொருள்தான். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் இரண்டாவது கிளாரினெட் இல்லை, அவ்வளவுதான்.

அரிது என்பதிலேயே மூன்று வகை உண்டு. குறைவாகச் செய்தது ஒன்று. நிறையச் செய்தும் கொஞ்சமே மிஞ்சியது இன்னொன்று. நிறைய மிஞ்சியும் யாரும் விற்காமல் வைத்திருப்பது மூன்றாவது. அதனால் முதலில் கேட்க வேண்டியது "எந்த வகையில் அரிது? மாடலா, மரமா, கீ அமைப்பா?" என்பது. கீ என்றால் துளையை மூடித் திறக்கும் உலோக நெம்புகோல். "ரொம்பப் பழசுங்க" என்று பதில் வந்தால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

நூறு வருஷம் பழசுன்னாலே ரேர்தானே?

இல்லை. கிளாரினெட் லேசில் சாகாது. மவுத்பீஸ் (வாயில் வைக்கும் முனை), பேரல் (அதன் கீழே வரும் குட்டைத் துண்டு), மேல் ஜாயின்ட், கீழ் ஜாயின்ட், பெல் (விரிந்த அடிமுனை) என்று ஐந்து துண்டாகப் பிரித்து வெல்வெட் பெட்டிக்குள் வைத்துவிட்டால் இரண்டு தலைமுறைக்கு அப்படியே கிடக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து ராணுவ பேண்டுகளுக்கும் ஊர் பேண்டுகளுக்கும் பள்ளிகளுக்குமாக இவை ஏராளமாகச் செய்யப்பட்டன. பிரான்சில் லா கூத்தூர்-புஸே, ஜெர்மன் பேசிய பகுதியில் மார்க்நொய்கிர்ஷன், கிராஸ்லிட்ஸ் போன்ற ஊர்களில் தெருத்தெருவாக இதுதான் தொழில். 1920களின் கிளாரினெட் ஒன்றாவது விற்பனைக்கு வராத வாரமே கிடையாது.

வயதே பெருமையாக இருப்பது பாக்ஸ்வுட் என்னும் மஞ்சள் மரத்தில் செய்த ஐந்து, ஆறு கீ கருவிகளுக்கு. அவற்றில் கீகள் உலோகத் தூண்களில் நிற்காமல், மரத்தையே மேடாகக் கடைந்து விட்ட வளையங்களில் பொருந்தியிருக்கும். அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு: இந்த எளிய மஞ்சள் மரக் கருவிகளை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் மலிவு விலைக்குச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். மஞ்சளாக இருப்பதாலேயே அது மோட்சார்ட் காலத்துக்குப் போய்விடாது.

சரி, விளம்பரம் கண்ணுல பட்டதும் முதல்ல என்ன பண்ணணும்?

படம் கேளுங்கள். பேரல், மேல் ஜாயின்ட், கீழ் ஜாயின்ட், பெல் ஆகிய நான்கிலும் உள்ள முத்திரைகள் தனித்தனியாக, கிட்டத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில். நேராக ஃபிளாஷ் அடித்தால் தேய்ந்த முத்திரை மறைந்துவிடும். ஜன்னலோரம் சாய்த்து வைத்து எடுத்தால், தங்கப் பூச்சு போன பிறகும் எழுத்தின் பள்ளம் தெரியும். அப்புறம் சீரியல் எண், கட்டைவிரல் தாங்கி இருக்கும் பின்பக்கம், கார்க் சுற்றிய டெனான்களின் (ஒரு துண்டு அடுத்ததற்குள் செருகும் பகுதி) முனை, குழாயின் உட்துளைக்குள் ஒரு விளக்கு வைத்து எடுத்த படம்.

அடுத்து, விற்று முடிந்த விளம்பரங்களைத் தேடுங்கள். இப்போது கேட்கிற விலை ஆசை, விற்ற விலைதான் செய்தி. அதே பெயருக்குத் தேடலைச் சேமித்து வைத்து இரண்டு மாதம் காத்திருங்கள். எட்டு முறை வந்தால் அது அரிதில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும், யாரையும் கேட்க வேண்டாம். பொறுமை இல்லாதவர்கள்தான் எனக்கு எழுதுகிறார்கள்.

சீரியல் நம்பர் ரொம்பச் சின்னது. அப்போ ஆரம்ப காலத்து ஒண்ணுதானே?

பல சமயம் கிடையாது. சில நிறுவனங்கள் எண் வரிசையை நடுவில் நிறுத்தி மறுபடி தொடங்கியிருக்கின்றன. பாரிஸ் செல்மர் நிறுவனத்தின் கிளாரினெட்டில் எண்ணுக்கு முன் ஓர் எழுத்து வரும் காலகட்டம் உண்டு. எழுத்து மாறும்போது எண் மறுபடி சின்னதிலிருந்து கிளம்பும். விற்பவர் எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதினால், 1950களின் கருவி 1890களுக்குப் போய்விடும். கையெழுத்து மாதிரி தெரியும் அந்த ஒற்றை எழுத்தைத் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று, எண் பொதுவாக ஒரு மாடலுக்கு உரியதல்ல. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த எல்லா மாடலுக்கும் ஒரே வரிசை ஓடியிருக்கலாம். எண்ணைக் கொண்டு உத்தேச வருடம் சொல்லலாம். அந்த மாடலில் எத்தனை செய்தார்கள் என்று சொல்ல முடியாது.

"உலகத்துலயே 50தான் செஞ்சாங்க"ன்னு அடிச்சுச் சொல்றார்...

அந்த 50 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். தொழிற்சாலைப் பதிவேடுகள் பெரும்பாலும் வெளியே வந்ததே இல்லை. போர், தீ, கைமாற்றம் என்று பல காணாமலே போயின. பெரும்பாலான "இத்தனைதான்" எண்ணிக்கைகள் வேறொரு பழைய விளம்பரத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்டவை. சீரியல் எண்ணிலிருந்து கணக்குப் போட்டேன் என்றால் முந்தைய பதிலைக் காட்டுங்கள்.

சீரியல் நம்பரே இல்லை. "புரோட்டோடைப், அதான் நம்பர் போடல"ங்கறார்.

எண் இல்லாத கிளாரினெட்டுகள் கூடை கூடையாக உண்டு. மலிவு வகைகளுக்கும், கடைப் பெயர் போட்டு விற்கச் செய்தவற்றுக்கும் பலர் எண் போடவே இல்லை. புரோட்டோடைப் என்றால் அதில் ஏதாவது ஒன்று வேறு மாதிரி இருக்க வேண்டும்: விரல் துளையின் இடம், கீயின் வளைவு, உட்துளையின் விட்டம். "எது வேறு?" என்று கேட்டால் பெரும்பாலும் அமைதி.

எண் இருந்து அழிக்கப்பட்டிருந்தால் அது வேறு கதை. எண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மரம் லேசாகத் தட்டையாக, பளபளப்பாக இருக்கும்; விரலால் தடவினால் தெரியும். திருட்டுப் பொருளாக இருக்கலாம். விலகிவிடுங்கள்.

மேல் ஜாயின்ட்ல ஒரு நம்பர், கீழ்ல வேற நம்பர். பரவாயில்லையா?

இரண்டிலும் எண் போடும் வழக்கமுள்ள நிறுவனம் என்றால், பிரெஞ்சு நிறுவனமான பஃபே கிராம்போன் அப்படித்தான், எண்கள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டு கிளாரினெட்டைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். வாசிக்க அது நன்றாகவே இருக்கலாம். அரிய பொருள் என்ற விலைக்கு மட்டும் தகுதியில்லை. ஒரு ஜாயின்ட்டில் மட்டும் எண் போட்டவர்களும் உண்டு, அதனால் எண் இல்லாததையும் எண் மாறியிருப்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எண் இல்லாதபோது கண்ணை நம்புங்கள். இரண்டு ஜாயின்ட்டையும் பக்கத்தில் வைத்து மர ரேகையின் நெருக்கம், தூண்களின் அடிப்பாகம், கீ கோப்பைகளின் விளிம்பு இவற்றைப் பாருங்கள். ஒரு முறை என்னிடம் வந்த கருவியில் மேலே உருண்டைத் தலைத் தூண்கள், கீழே தட்டைத் தலைத் தூண்கள். விற்றவர் அதை "கைவேலைப்பாட்டின் தனித்தன்மை" என்று எழுதியிருந்தார்! பேரலும் பெல்லும் மாறியிருப்பது சகஜம். உடையும், தொலையும். அதை மன்னிக்கலாம், விலையில் குறைத்துக்கொண்டு.

பஃபேன்னு முத்திரை இருக்கு, "விண்டேஜ் ஆர்13"னு சொல்றார். எப்படி நம்பறது?

அதிகம் வரும் கேள்வி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஆர்13 என்பது 1955இல் வந்த மாடல். பல பத்தாண்டுகள் அந்தப் பெயரைக் கருவியில் பொறிக்கவே இல்லை. அதனால் உடம்பில் "ஆர்13" இல்லை என்பது எதையும் மறுக்காது; பஃபே முத்திரை இருக்கிறது என்பது எதையும் நிரூபிக்காது. அந்த இடைவெளியில்தான் வியாபாரம் நடக்கிறது.

முதலில் வருடம். நிறுவனத்தின் சீரியல் எண் தேடலில் போட்டுப் பாருங்கள். 1955க்கு முந்தையது என்றால் அது ஆர்13 ஆக முடியாது. நல்ல கருவியாக இருக்கலாம், அது வேறு விஷயம். அதற்குப் பிந்தையது என்றாலும் நிறுவனம் அதே காலத்தில் வேறு தொழில்முறை மாடல்களும் செய்தது. உட்துளையின் வடிவத்தை அளக்கத் தெரிந்த பழுதுபார்ப்பவர்தான் கடைசி வார்த்தை சொல்ல முடியும்.

அப்புறம் பெயரைக் கூர்ந்து படியுங்கள். "எவெட்" என்பது பஃபேயின் மாணவர் வரிசை. "ஸ்பான்சர்ட் பை பஃபே" என்று அடியில் இருந்தால் பஃபே தன் தொழிற்சாலையில் செய்தது அல்ல, வேறிடத்தில் செய்து பெயர் கொடுத்தது. பி12 பிளாஸ்டிக், ஜெர்மனியில் செய்தது, ஆனால் முத்திரை என்னவோ பஃபே கிராம்போன்தான். தூரத்திலிருந்து எடுத்த படத்தில் எல்லாம் ஒன்று போலவே தெரியும். மேலும், ஆர்13 உலகின் மிகப் பிரபலமான தொழில்முறை மாடல்களில் ஒன்று. நல்லது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ரேர் என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

இந்த மாதிரி பேர் குழப்பம் வேற எங்க வரும்?

செல்மரில் நிறைய. 1885இல் பாரிஸில் தொடங்கிய ஹென்றி செல்மர் நிறுவனம் ஒன்று. பிறகு தனியே போன அமெரிக்கச் செல்மர் இன்னொன்று. பண்டி என்பது அமெரிக்கச் செல்மரின் பிளாஸ்டிக் மாணவர் கருவி. பள்ளிகளுக்காகக் குவியல் குவியலாகச் செய்தது. பெட்டியின் மேல் "செல்மர்" என்று இருந்தால் உள்ளே பாரிஸ் கருவி இருக்கும் என்று அர்த்தமில்லை. பெட்டியைப் படிக்காதீர்கள், கருவியைப் படியுங்கள்.

எனக்குப் பிடித்தது வுர்லிட்சர் குழப்பம். எர்ல்பாக்கில் ஃபிரிட்ஸ் வுர்லிட்சரும், பின்னர் நொய்ஷ்டாட்டில் அவர் மகன் ஹெர்பர்ட் வுர்லிட்சரும் கையால் செய்த ஜெர்மன் கிளாரினெட்டுகள் உலகின் பெரிய இசைக்குழுக்களில் ஒலித்தவை. அமெரிக்காவின் ருடால்ஃப் வுர்லிட்சர் நிறுவனமோ தியேட்டர் ஆர்கனும் ஜூக்பாக்ஸும் செய்த கம்பெனி. அது வெளியே செய்வித்த மலிவுக் கிளாரினெட்டுகளையும் தன் பெயர் போட்டு விற்றது. இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து அதே குடும்பப் பெயர். முதல் வகையின் புகழைச் சொல்லி இரண்டாவது வகையை விற்கும் விளம்பரங்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பூசி & ஹாக்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்திலும் இதே. 1010 என்ற அகல உட்துளை மாடலை ஜாக் பிரைமர் போன்ற பிரிட்டிஷ் கலைஞர்கள் வாசித்தார்கள், அதன் உட்துளை ஏறத்தாழ 15.2 மி.மீ. ரீஜென்ட் அதே நிறுவனத்தின் மாணவர் மாடல், எங்கும் கிடைக்கும்.

கேள்வியே படாத பேர் ஒண்ணு பொறிச்சிருக்கு. நெட்ல தேடினா ஒண்ணும் வரல. அப்போ ரொம்ப ரேர்தானே?

தேடினால் வரவில்லை என்பது தேடலைப் பற்றிய செய்தி. இவற்றை ஸ்டென்சில் கருவிகள் என்பார்கள்: ஒரு பட்டறை செய்யும், வாங்கி விற்கும் கடை தன் பெயரைப் பொறிக்கச் சொல்லும். ஒரே பட்டறையின் ஒரே மாதிரிக் கருவி நூறு பெயரில் உலகமெங்கும் போயிருக்கிறது. பெயர் ஒன்றே ஒன்றாக இருக்கலாம், கருவி ஆயிரத்தில் ஒன்று. "பாரிஸ்" என்ற சொல்லும் அப்படித்தான், கௌரவத்துக்காகச் சேர்த்துக்கொள்வார்கள்.

விதிவிலக்கு உண்டு. சிறந்த பட்டறைகளும் பிறர் பெயரில் செய்து கொடுத்திருக்கின்றன. அதைக் கண்டுபிடிக்கப் பெயர் உதவாது. கீகளின் வடிவம்தான் உதவும்.

"மேட் இன் பிரான்ஸ்"னு இருந்தா எந்தக் காலம்னு சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும், இது எளிய சோதனையும் கூட. 1891 முதல் அமெரிக்காவுக்கு இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1921க்குப் பிறகு "மேட் இன்" என்ற வடிவம் வழக்கமானது. ஆகவே "மேட் இன் பிரான்ஸ்" என்று பொறித்த கருவியை "1880களின் அரிய பொருள்" என்று விற்றால் சந்தேகப்படுங்கள். "செக்கோஸ்லோவாக்கியா" என்றால் 1918க்கு முன் இருக்க வாய்ப்பில்லை, அந்த நாடே இல்லை. "மேற்கு ஜெர்மனி" என்றால் 1949க்கு முன் இல்லை. காப்புரிமை எண் பொறித்திருந்தால் அந்தக் காப்புரிமையின் தேதிக்கு முன் கருவி பிறந்திருக்காது. பின்னால் எத்தனை வருடம் கழித்தும் பிறந்திருக்கலாம்.

ஆல்பர்ட் சிஸ்டம்னு சொல்றாங்க. ஆல்பர்ட் பெரிய ஆளாமே?

யூஜின் ஆல்பர்ட் பிரஸ்ஸல்ஸில் இருந்த பெரிய கலைஞர்தான். அவர் கையில் உருவான கருவி நிச்சயம் மதிப்புள்ளது. ஆனால் "ஆல்பர்ட் சிஸ்டம்" என்பது ஒரு கீ அமைப்பின் பெயர். இன்று வழக்கமாக உள்ள போயம் கீ அமைப்பு பரவுவதற்கு முன்னும், பரவிய பின் வெகு நாள் வரையும், எல்லாரும் இந்த அமைப்பில் செய்தார்கள். நியூ ஆர்லியன்ஸின் ஆரம்பகால ஜாஸ் கலைஞர்கள் பலர் வாசித்தது இதைத்தான். இன்று புழக்கத்தில் குறைவு என்பதால் பார்க்கும்போது விசித்திரமாகத் தெரிகிறது. விசித்திரம் வேறு, அரிது வேறு. ஆல்பர்ட் பட்டறையின் சொந்தக் கருவி என்றால் பெயரோடு பிரஸ்ஸல்ஸ் என்று ஊர் முத்திரையும் தேடுங்கள்.

கூடுதல் கீ நிறைய இருக்கு. எண்ணிப் பாத்தேன், 20.

சபாஷ், எண்ணியதற்கு. வழக்கமான போயம் கிளாரினெட்டில் 17 கீ, 6 வளையம் (விரல் துளையைச் சுற்றி இருப்பது). 20 கீ, 7 வளையம் என்றால் "ஃபுல் போயம்": தாழ் இ-ஃபிளாட் வரை இறங்கும், இடது சிறுவிரலுக்குக் கூடுதல் நெம்புகோல் இருக்கும். இது உண்மையிலேயே குறைவாகச் செய்யப்பட்டது, குறிப்பாக இத்தாலியில் விரும்பி வாசித்தார்கள். நல்ல நிறுவனத்தின் பெயரும் இருந்தால் "ரேர்" என்ற சொல்லை நான் எதிர்க்க மாட்டேன்.

எண்ணும்போது கவனம்: வளையத்தைக் கீயோடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள். அமைப்பு அரிதாக இருந்தும் கருவி அரிதாக இல்லாமல் போவதற்கு மசேயோ நல்ல உதாரணம். பாஸ்டன் சிம்பொனியின் ரொசாரியோ மசேயோ வகுத்த அந்த அமைப்பைச் செல்மர் செய்தது. கூடவே பண்டி பிளாஸ்டிக்கிலும் போட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பியது. இன்று "மிக அரிய மசேயோ" என்று வருவதில் பல அந்தப் பிளாஸ்டிக்தான்.

வெள்ளி கிளாரினெட்! சுத்த வெள்ளியாம்!

இதில் நானே சூடு பட்டிருக்கிறேன். "சாலிட் சில்வர்" என்று எழுதியிருந்த ஓர் உலோகக் கிளாரினெட்டை வாங்கினேன். வந்து சேர்ந்ததும் கட்டைவிரல் தாங்கியைக் கழற்றிப் பார்த்தேன். அதன் நிழலில் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதைச் சுற்றி வியர்வை பட்டுத் தேய்ந்த இடத்தில் மஞ்சளாகப் பித்தளை எட்டிப் பார்த்தது. படத்தில் அந்த இடத்தை மட்டும் ஒரு விரல் மறைத்திருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

1920, 30களில் பள்ளி பேண்டுகளுக்கும் அணிவகுப்புக்கும் உலோகக் கிளாரினெட்டுகள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் வந்தன. பெரும்பாலானவை பித்தளை அல்லது நிக்கல் சில்வர், மேலே வெள்ளிப் பூச்சு. நிக்கல் சில்வரில் வெள்ளி ஒரு துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். சுத்த வெள்ளி என்றால் "ஸ்டெர்லிங்" அல்லது 925 முத்திரை இருக்க வேண்டும், எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதும் முக்கியம். கிங் நிறுவனத்தின் சில்வர் கிங்கில் பெல்தான் ஸ்டெர்லிங். பாஸ்டனின் ஹேன்ஸ் நிறுவனம் செய்த இரட்டைச் சுவர் வெள்ளிக் கிளாரினெட் மாதிரி நிஜமான அபூர்வங்களும் உண்டு. அவை "ரேர்" என்று கத்திக்கொண்டு வருவதில்லை, முத்திரையின் படத்தோடு வருகின்றன.

எபோனி மரம், ரோஸ்வுட்னு எல்லாம் போடறாங்களே, அது?

"எபோனி" என்று எழுதப்படுவது பெரும்பாலும் கிரனடில்லா, ஆப்பிரிக்கக் கருமரம். தொழில்முறைக் கிளாரினெட்டுகளின் வழக்கமான மரம் அதுதான், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. மரமே இல்லாததும் உண்டு: எபோனைட் என்னும் கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெயில் பட்டவை பழுப்பும் பச்சையுமாக நிறம் மாறியிருக்கும். விரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் கந்தக வாடை வரும். அந்தப் பச்சை நிறத்தை "அரிய மரம்" என்று விற்ற படம் ஒன்று என் சேமிப்பில் இருக்கிறது. மரமா என்று பார்க்க டெனான் முனையையும் துளையின் உட்புறத்தையும் பாருங்கள், வெளிப்புறம் சாயம் பூசியிருக்கலாம்.

ரோஸ்வுட், கோகோபோலோ நிஜமாகவே குறைவு. இவையும் கிரனடில்லாவும் டால்பெர்ஜியா இனம். 2017 ஜனவரியில் இந்த இனம் முழுவதும் சைட்டிஸ் என்னும், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்கு வந்தது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். பிரேசில் ரோஸ்வுட் முதல் பட்டியலில் இருப்பதால் அந்த விலக்கு அதற்குப் பொருந்தாது. தந்த வளையம் போட்ட பழைய கருவி என்றால் எல்லை தாண்டி வாங்குவதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். வளையம் எலும்பாக இருந்தாலும் சுங்கத்தில் நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான்.

"அபூர்வமான சி கிளாரினெட்"ங்கறார். எப்படி சரிபாக்கறது?

சி, பி-ஃபிளாட், ஏ என்பவை கருவியின் சுருதியைக் குறிக்கும், சுருதிக்கு ஏற்ப நீளம் மாறும். அதனால் அளவு நாடாவை எடுக்கச் சொல்லுங்கள். மவுத்பீஸ் இல்லாமல், பேரல் மேல் விளிம்பிலிருந்து பெல் அடி வரை: இன்றைய பி-ஃபிளாட் சுமார் 60 செ.மீ., ஏ கிளாரினெட் 63, 64 செ.மீ., சி சுமார் 53 செ.மீ. நாடாவில் 58 வாக்கில் வந்தால் அது சி அல்ல. அது ஹை பிட்ச் பி-ஃபிளாட்டாக இருக்க நிறைய வாய்ப்பு.

ஹை பிட்ச் என்றால், ஏ சுரம் இன்றைய 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் 452க்கு மேல் வைத்துச் சுருதி கூட்டப்பட்ட காலத்தின் கருவி. ஏறத்தாழ கால் சுரம் தூக்கல். பேரலை இழுத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். இழுத்தால் மேலிருக்கும் சுரங்கள் இறங்கும், கீழிருப்பவை அவ்வளவு இறங்காது, ஒன்றோடொன்று சேராது. உடம்பில் எச்.பி. என்ற ஈரெழுத்து இருக்கிறதா பாருங்கள். விற்பவர்கள் அதை மாடல் பெயர் என்று நினைத்து "அரிய எச்.பி. மாடல்" என்றே போடுவதுண்டு. எல்.பி. (லோ பிட்ச்) என்று இருந்தால் நிம்மதி.

பெரிய கலைஞர் ஒருத்தர் வாசிச்சதாம். நம்பலாமா?

கருவியை நம்பாதீர்கள், காகிதத்தை நம்புங்கள். சீரியல் எண்ணோடு கூடிய ரசீது, பழுதுபார்த்த பில், அதே கீழ் ஜாயின்ட்டின் அதே மர ரேகை தெரியும் பழைய புகைப்படம் இவற்றில் ஏதாவது வேண்டும். "குடும்பத்தில் சொல்வார்கள்" என்பதற்கு நான் ஒரு பைசா கூட்ட மாட்டேன். இன்னொரு குழப்பம், விளம்பரத்துக்காகக் கலைஞர் பெயரோடு விற்ற மாடல்கள். ஜாஸ் கலைஞர் பென்னி குட்மன் செல்மருக்கு விளம்பர முகமாக இருந்தார் என்பதற்காக, அந்த மாடல் ஒவ்வொன்றும் அவர் கை பட்டது ஆகிவிடாது.

பெட்டிக்குள்ள பழைய மவுத்பீஸ் ஒண்ணு இருக்கு. அதான் ரேர்னு ஒருத்தர் சொன்னார்.

சில சமயம் அவர் சொல்வது சரி! ஷெட்வில், காஸ்பர் முத்திரையுள்ள மவுத்பீஸ்கள் தாங்கள் வந்த கிளாரினெட்டை விட அதிக விலைக்குப் போயிருக்கின்றன. ஆனால் மவுத்பீஸில் பெயர் மட்டும் போதாது. ரீட் படும் முகப்பைப் பிறகு யாராவது தேய்த்து மாற்றியிருந்தால் முத்திரை அசல், வாசிப்பு வேறொருவருடையது. முனையில் சில்லு போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவும் பாத்தும் தெளியல. எங்க சரிபாக்கலாம்?

செய்தவர் பெயருக்கு வில்லியம் வாட்டர்ஹவுஸ் 1993இல் வெளியிட்ட "நியூ லாங்வில் இண்டெக்ஸ்". காற்றுக்கருவி செய்தவர்களின் பெயர், ஊர், காலம், முத்திரை எல்லாம் அதில் உண்டு. பல நூலகங்களில் கிடைக்கும். கருவியை ஒப்பிட எடின்பரோ பல்கலைக்கழகத் தொகுப்பு. விஞ்ஞானி நிக்கோலஸ் ஷாக்கில்டன் தான் சேர்த்த 800க்கும் மேற்பட்ட கிளாரினெட்டுகளை அதற்கு விட்டுச் சென்றார். படங்களை இணையத்தில் பார்க்கலாம். மிமோ என்ற அருங்காட்சியகக் கூட்டுத் தளத்தில் இன்னும் பல.

ஓர் எச்சரிக்கை: அருங்காட்சியகத்தில் ஒன்று இருப்பதாலேயே உங்களுடையது அரிதாகாது. அவர்கள் சாதாரணமானதையும் சேர்ப்பார்கள், அது அவர்கள் வேலை.

எல்லாம் சரியா இருக்கு, நிஜமாவே ரேர்தான். வாங்கிடலாமா?

ஏன் அரிதாயிற்று என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். யாருக்கும் பிடிக்காமல் இரண்டே வருடத்தில் நிறுத்தியதும் அரிதுதான். அதற்குக் கீ உடைந்தால் மாற்றுக் கீ கிடைக்காது, புதிதாகச் செய்ய வேண்டும். அதன் உட்துளைக்குப் பொருந்தும் மவுத்பீஸும் தேட வேண்டும். மேலே சொன்ன 1010 நல்ல உதாரணம். அதன் அகல உட்துளைக்கு இன்றைய சாதாரண மவுத்பீஸ் போட்டால் சுருதி நிற்காது. மேல் ஜாயின்ட்டில் விரிசல் இருக்கிறதா, குறிப்பாக மேலிரண்டு டிரில் கீ துளைகளுக்கு நடுவே, என்று பாருங்கள். வாசிக்க வாங்குபவருக்கு என் பதில் பெரும்பாலும் வேண்டாம். சேர்த்து வைக்க வாங்குபவர் என் பதிலைக் கேட்கப் போவதில்லை.

படம் கேட்டா விற்கிறவர் கோவிச்சுக்கறார். என்ன பண்றது?

"பொய் சொல்கிறீர்கள்" என்ற தொனியில் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். "ஆர்வமாக இருக்கிறேன், பழுதுபார்ப்பவரிடம் காட்ட வேண்டும், இந்த நான்கு படம் கிடைக்குமா?" என்று கேளுங்கள். நல்ல மனிதர் அன்று மாலையே அனுப்புவார், சில சமயம் கேட்காத ஐந்தாவது படமும் சேர்த்து. கட்டைவிரலைச் சீரியல் எண்ணின் மேல் வைத்தபடி எடுத்த படம் எனக்கே இரண்டு முறை வந்திருக்கிறது. முதல் முறை "விரலை எடுத்துவிட்டு இன்னொன்று அனுப்புங்கள்" என்று எழுதினேன், மறு கட்டைவிரலோடு வந்தது.